இலவசமும் ஒப்புரவும்

கைப்பொருள் சுருங்கும்போது காசின்றிக் கிடைப்பவற்றை மனிதர் தேடுவது இயல்பு. மாதத்தின் இருபதாந் திகதிக்கு முன்னரே சம்பளம் கரைந்துபோகும் ஆசிரியரும், தூரத்து ஊரிலிருந்து வந்து வாடகை அறையில் தங்கிப் படிக்கும் மாணவரும், வேலை கிடைத்த நாளில் மட்டும் உலை வைக்கும் கூலியாளரும் இத்தேடலை நன்கறிவர். 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் இது நம் நாட்டில் மேலும் பரவலாயிற்று. எந்தக் கோவிலில் இன்று அன்னதானம், எந்தச் சந்தியில் தன்சல், எந்த மண்டபத்திற் கட்டணமில்லாத கச்சேரி, எந்த அமைப்பு பிள்ளைகளுக்குக் கொப்பி வழங்குகின்றது என்பனவற்றை அறிந்துவைத்திருப்பது குடும்பம் நடத்தும் திறமையின் ஒரு கூறாகிவிட்டது. ஆயினும் அவ்வாறு அறிந்துவைத்திருப்பதை வெளியே சொல்ல நாம் கூசுகின்றோம். அன்னதானப் பந்தியில் அயலவரைக் கண்டால், "கும்பிட வந்தனான்" என்று கேளாமலே விளக்கங் கூறுகின்றோம். இக்கூச்சம் எங்கிருந்து வந்தது, இது நியாயமானதா என்பதே நம்முன் உள்ள கேள்வி. சிறிய கேள்விபோலத் தோன்றினும், நாம் எத்தகைய சமுதாயத்தை வேண்டி நிற்கின்றோம் என்பதும் இதற்கு அளிக்கும் விடையில் அடங்கியுள்ளது.

இக்கூச்சத்துக்கு நம் இலக்கிய மரபில் ஆதாரம் உண்டு என்பர். இரந்து வாங்குவது இழிவு என்று ஆத்திசூடியிலேயே படித்தோம். வறியவர்க்கு இட்டு உண்ணுமாறு பணிப்பதும் அதே நூல்தான். கொடுப்பது அறம், வாங்குவது இழிவு என்றால், வாங்குவோர் இல்லாமல் அந்த அறம் எவ்வாறு நிகழும்? இம்முரண்பாட்டைத் திருவள்ளுவர் உணர்ந்திருந்தார் போலும். ஈகைக்கு 23 ஆம் அதிகாரத்தையும், இரத்தலுக்கு 106 ஆம் அதிகாரத்தையும், இரத்தலுக்கு அஞ்சுவதற்கு 107 ஆம் அதிகாரத்தையும் வகுத்த அவர், ஈகைக்கு முன்னே 22 ஆம் அதிகாரமாக ஒப்புரவறிதலை வைத்தார். அதற்கு அவர் காட்டும் உவமைகள் மூன்று: நீர் நிறைந்த ஊருணி, ஊர் நடுவே பழுத்து நிற்கும் மரம், உறுப்பெல்லாம் மருந்தாகும் மரம். ஊருணியில் நீர் மொள்பவள் எவரிடமும் இரப்பதில்லை. கொடுப்பவன் மேலே, வாங்குபவன் கீழே என்ற நிலை அங்கே எழுவதும் இல்லை. செல்வமுடைய சான்றோனை மனத்திற் கொண்டே வள்ளுவர் இவ்வுவமைகளைக் கூறினார் என்பது மெய். அது அவர் காலத்தின் எல்லை. எனினும் உவமை அவ்வெல்லையைத் தாண்டி நமக்குப் பயன்படுகின்றது.

ஆழ்ந்து நோக்குமிடத்து, இலவசம் என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வெவ்வேறு உறவுகள் மறைந்திருப்பதைக் காணலாம். முதலாவது ஒப்புரவு, பலர் கூடி ஆக்கியதைப் பலரும் பொதுவில் துய்ப்பது. இரண்டாவது தானம், உள்ளவன் இல்லாதவனுக்குத் தன் விருப்பின்படி இடுவது. மூன்றாவது தூண்டில் இரை. பின்னர் பெரிதாகப் பறிப்பதற்காக முன்னர் சிறிதாகக் கொடுப்பது. மூன்றும் காசின்றிக் கைக்கு வந்து சேர்வதால் ஒன்றுபோலத் தோன்றுகின்றன. அவற்றைப் பிரித்தறியாமையே நம் கூச்சத்துக்கும் ஏமாற்றத்துக்கும் மூலகாரணம் எனலாம்.

ஒப்புரவின் சின்னங்களை யாழ்ப்பாணத்துப் பழைய தெருக்களில் இன்றும் காணலாம். தலைச்சுமையோடு வருபவர் பிறர் உதவியின்றிச் சுமையை இறக்கி வைத்து இளைப்பாறச் சுமைதாங்கி. அதனைக் கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாக நிறுத்துவது வழக்கமாயிருந்தது. மாடுகள் உடலை உரஞ்சிக்கொள்ள ஆவுரஞ்சிக்கல். அருகே கேணி. பருத்தித்துறையிலுள்ள தெருமூடி மடம் தெருவையே தன் கூரைக்குள் அடக்கி வழிப்போக்கருக்கு நிழல் தருகின்றது. வாய்பேசா விலங்குக்கும் ஒரு கல் நாட்டவேண்டும் என எண்ணிய சமுதாயம் பொதுமையின் ஒரு கூறினை அறிந்திருந்தது என்பதில் ஐயமில்லை.

அம்மரபு இன்று வேறு வடிவங்களில் வாழ்கின்றது. கிராமத்துச் சனசமூக நிலையங்களிலும் வாசிகசாலைகளிலும் நாளிதழ் காசின்றிப் படிக்கக் கிடைக்கின்றது. இறந்தவரின் அந்தியேட்டியின்போது வழங்கப்படும் கல்வெட்டு எனும் நினைவுமலர், விலைபோட்டு விற்கப்படாத ஒரு நூல்வகை. தேவாரத் திரட்டுக்களோடு ஊர் வரலாறும் மருத்துவக் குறிப்பும் சேர்த்து அச்சிடுவோரும் உளர். நல்லூர்க் கந்தசுவாமி கோவிலின் 25 நாள் மகோற்சவக் காலத்தில் நாதசுரமும் தவிலும் கேட்பதற்கு நுழைவுச்சீட்டு இல்லை. தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதி முருகனுக்கு அன்னதானக் கந்தன் என்ற பெயரே நிலைத்துவிட்டது. தெற்கே வெசாக், பொசன் நாட்களில் தன்சல்களின் முன் மக்கள் நீண்ட வரிசையில் நிற்கின்றனர். சோறோ, அவித்த மரவள்ளியோ, கோப்பியோ வாங்குவோரிற் பலர் மோட்டார் வாகனத்தில் வந்தவர்கள். அவர்கள் வெட்கப்படுவதில்லை. எல்லாரும் ஒரே வரிசையில் நிற்பதால் அங்கே எவரும் ஏழையாக அடையாளங் காட்டப்படுவதில்லை.

இவை அனைத்தினும் மேலாக நாம் கருதவேண்டியது யாழ்ப்பாணப் பொதுநூலகம். 1933 இல் க. மு. செல்லப்பா என்பவர் தம் இல்லத்திலேயே தொடங்கிய சிறு நூல்நிலையம் அதன் வித்து. பலர் பொருளும் நூலும் உழைப்பும் கூட்டி வளர்த்தனர். 1959 இல் புதிய கட்டடம் திறக்கப்பட்டது. 1981 மே 31 இரவில் மூட்டப்பட்ட தீயில் ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. தனவந்தர் ஒருவரின் வீட்டு நூல்கள் எரிந்திருந்தால் அக்குடும்பம் வருந்தியிருக்கும். நூலகம் எரிந்தபோது ஒரு சமூகமே தன்னுடையது எரிந்ததாக உணர்ந்தது. அங்கே ஒருநாளும் நூல் எடுத்திராதவர்களும் அவ்வாறே உணர்ந்தனர். இலவசமாகக் கிடைத்த பொருளுக்கு மதிப்பில்லை என்போர் இதனைச் சிந்திப்பாராக. 2005 இல் தொடங்கப்பட்ட 'நூலகம்' என்னும் எண்ணிம நூலகம், ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் உலகின் எம்மூலையில் இருப்போரும் கட்டணமின்றிப் படிக்கச் செய்தமை அதே ஒப்புரவின் தொடர்ச்சி.

இவ்வாறு கூறி நம் மரபைப் போற்றிக்கொண்டு இருந்துவிட முடியாது. பொது என்று நாம் அழைத்தவை யாருக்குப் பொதுவாயிருந்தன? கேணியும் கிணறும் கோவிலும் மடமும் பல ஊர்களில் ஒடுக்கப்பட்ட சாதியாருக்கு மூடப்பட்டிருந்தன. அன்னதானத்திலும் பந்தி வேறு, இடம் வேறு. காசு கொடுத்துத் தேநீர் குடிக்க வந்தவருக்கும் கடைக்குள் இருக்கை மறுக்கப்பட்டது. போத்தலிலோ தகரப் பேணியிலோ வெளியே வார்க்கப்பட்டது. சமூகக் குறைபாடுகளைத் தடைசெய்யும் சட்டம் 1957 இல் வந்த பின்னரும் நிலைமை எளிதில் மாறவில்லை. 1966 ஒக்டோபர் 21 இற் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்ட ஊர்வலமும், 1968 இல் மாவிட்டபுரத்தில் நடந்த ஆலயப் பிரவேசப் போராட்டமும் பொது என்ற சொல்லுக்கு உண்மையான பொருளைத் தேடித்தந்தவை. விலையில்லை என்பதால் மட்டும் ஒன்று பொதுவாகிவிடாது. வாயில் எல்லார்க்கும் ஒன்றாய்த் திறந்திருக்க வேண்டும்.

இன்றும் கண்ணுக்குப் புலனாகாத வாயில்கள் உள்ளன. நகர மண்டபத்தில் நூல் வெளியீட்டு விழா. அனுமதி இலவசம், வடையும் தேநீரும் உண்டு. ஆயினும் அழைப்பிதழ் அறிந்தவருக்கே போகின்றது. முதற்பிரதியும் சிறப்புப் பிரதிகளும் வர்த்தகப் பெருமக்களுக்கு. ஏனையோர் காசை உறையிலிட்டுக் கொடுத்து நூலைப் பெறவேண்டும் என்பது எழுதாச் சட்டம். உறையில்லாத மாணவன் பின்வரிசையில் அமர்ந்து நூலைப் பாராமலே வீடு திரும்புகின்றான். பிற்பகல் மூன்று மணிக்குத் தொடங்கும் கருத்தரங்கு தோட்டத்திற் கூலிக்கு நிற்பவருக்கு இலவசமன்று. அதற்கு அவர் அரைநாட் கூலியை இழக்கவேண்டும். தீவுப்பகுதியிலிருந்து வருபவருக்குப் பேருந்துக் கட்டணமே நுழைவுச்சீட்டு. ஓய்வும் போக்குவரத்தும் அறிமுகமும் உடையவர்க்கே இலவசங்களிற் பெரும்பகுதி சென்றடைகின்றது. தேவை மிகுந்தவர், அப்படியொன்று நடந்ததென்று அறிவதும் நடந்து முடிந்த பின்னரே.

இனித் தானத்துக்கு வருவோம். மணிமேகலைக் காப்பியத்தில் ஆபுத்திரன் கதை இதற்கு நல்ல விளக்கம். அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபியைக் கொண்டு அவன் உயிர்களின் பசி தீர்த்தான். இந்திரன் மழையைப் பெய்வித்து நாட்டை வளம்பெறச் செய்தான். ஊரிற் பசித்தவர் இல்லாது போயினர். உண்பாரின்றிப் பாத்திரம் பயனற்றது. ஆபுத்திரன் மகிழ்ந்தானா? இல்லை; வருந்தித் திரிந்தான். பஞ்சமுற்ற சாவகம் பற்றிக் கேள்வியுற்றதும் அங்கே செல்லக் கப்பலேறினான். சீத்தலைச் சாத்தனார் அவனைப் பெருங்கருணையாளனாகவே படைத்தார். நாமும் அவ்வாறே போற்றுகின்றோம். ஆயினும் கதையின் உள்ளே ஒரு கசப்பான உண்மை இருக்கின்றது. தானத்தையே பேரறமாகக் கொள்ளும் சமுதாயத்தில், பசி ஒழிந்த நாள் கொடையாளிக்கு வேலை ஒழிந்த நாளாகின்றது. தன் அறம் விளங்குவதற்கு எங்கேனும் பசித்தவர் இருந்தாக வேண்டும். ஆபுத்திரனாவது புகழை வேண்டவில்லை. நம் காலத்துக் கொடையாளர் சிலர் ஒரு பொதி அரிசியைக் கொடுக்கும்போது வாங்குபவரின் முகத்தைப் புகைப்படக் கருவியின் பக்கம் திருப்பச் சொல்கின்றனர். சப்பாத்து வாங்கிய பிள்ளையின் படம் மறுநாள் ஊரெங்கும் பரவுகின்றது. வகுப்பிற் சக மாணவர் அப்படத்தைப் பார்த்த பின்னர் அப்பிள்ளை அச்சப்பாத்தை அணிந்துவரத் தயங்குவதை ஆசிரியராகிய நாம் அறிவோம். அங்கே ஒரு விலை கொடுக்கப்பட்டிருக்கின்றது. அது பிள்ளையின் மானம்.

தானமாய் இருந்தவை உரிமையாய் மாறியமை இந்நாட்டுப் பொதுமக்களின் பெருஞ்சாதனை. பாலர் வகுப்பு முதற் பல்கலைக்கழகம் வரை இலவசக் கல்வி என்ற கொள்கை, சி. டபிள்யு. டபிள்யு. கன்னங்கராவின் முயற்சியால் 1945 ஒக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னர் ஏழை மாணவன் ஆங்கிலக் கல்லூரியிற் கால்வைக்கத் தருமவானின் தயவோ புலமைப்பரிசிலோ வேண்டியிருந்தது. பின்னர் எவரின் தயவும் வேண்டியதில்லை. இக்கட்டுரையை எழுதுவோரும் படிப்போரிற் பெரும்பாலோரும் அவ்விலவசத்தால் உருவானவர்கள். அதற்காக நாம் எவருக்கும் கைகட்டி நிற்கவில்லை. எனினும் இந்த ஊருணியும் எல்லார்க்கும் ஒரே காலத்திற் திறக்கப்படவில்லை. மலையகத் தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது 1970 களிலேயே. நாட்டுக்கு அந்நியச் செலாவணியை ஈட்டித்தந்த உழைப்பாளரின் பிள்ளைகள் கால் நூற்றாண்டுக்கு மேல் வாயிலில் நின்றனர்.

அரிசியின் வரலாறு இதனினும் தெளிவானது. யுத்தகாலத்தில், 1942 இல், தொடங்கிய பங்கீட்டு அரிசியின் விலையை 1953 ஜூலையில் அரசு கொத்தொன்றுக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியது. பாடசாலைப் பிள்ளைகளின் மதிய உணவையும் நிறுத்தியது. இடதுசாரிகளின் அழைப்பின்பேரில் ஆகஸ்ட் 12 இல் நாடு தழுவிய ஹர்த்தால் எழுந்தது, உயிர்கள் பலியாயின, ஒக்டோபரிற் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். மக்கள் அன்று கேட்டது பிச்சையன்று. தாம் விளைத்த நாட்டுச் செல்வத்தில் தமக்குரிய பங்கு என்று அதனைக் கருதினர். 1966 இன் இறுதியில் அதே பிரதமரின் பிறிதோர் அரசு, கிழமைக்கு இரண்டு கொத்தாயிருந்த பங்கை ஒரு கொத்தாகக் குறைத்து, அந்த ஒரு கொத்தை இலவசமாக்கியது. இலவசம் என்ற சொல்லைக் கேட்டு மக்கள் மயங்கிவிடவில்லை. குறைந்த கொத்தையும் கணக்கிட்டனர். 1970 தேர்தலில் அவ்வரசு தோற்றது.

1978 இல் இப்பங்கீடு வருமானம் குறைந்தோருக்கு மட்டுமென வரையறுக்கப்பட்டது. 1979 இல் உணவு முத்திரையாயிற்று. விலைவாசி ஏற ஏற முத்திரையின் மதிப்பு உருகியது. எல்லாருக்குமாயிருந்த காலத்தில் ஒரு கொத்துக் குறைந்தாலும் நாடே கொதித்தது. ஏழைகளுக்கு மட்டுமென ஆனபின் அது மெல்லத் தேய்ந்ததை உரத்துக் கேட்பவர் இலராயினர். 1989 இல் ஜனசவிய, 1995 இற் சமுர்த்தி, 2023 இல் அஸ்வெசும எனப் பெயர்கள் மாறின. ஒவ்வொன்றிலும் குடும்பம் தன் ஏழ்மையை உத்தியோகத்தர் முன் நிரூபிக்க வேண்டியிருந்தது. பட்டியலில் விடுபட்டோரின் முறையீடுகள் குவிந்தன. உரிமை மீண்டும் தானமாகத் திரும்பும் வழி இதுவே.

மூன்றாவதான தூண்டில் இரையை விரிவாகக் கூறவேண்டியதில்லை. ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்ற அறிவிப்பில் இரண்டின் விலையும் ஒன்றின் மேல் ஏற்றப்பட்டிருப்பதைச் சிறுவரும் அறிவர். தேர்தல் நெருங்கும்போது வந்திறங்கும் கூரைத் தகடும் தையல் இயந்திரமும் பெரும்பாலும் மக்கள் செலுத்திய வரியே. அவர்கள் பணத்தில் வாங்கி அவர்களுக்கே பரிசாகக் கொடுத்து, நன்றியை மட்டும் வேறொருவர் எடுத்துக்கொள்கின்றார். சீனிக்கும் பருப்புக்கும் வரி செலுத்தும் நாட்கூலியாளர் தாம் ஏற்கெனவே விலைகொடுத்துவிட்டவர் என்பதை உணரவேண்டும்.

இலவசங்கள் மக்களைச் சோம்பேறிகளாக்கும் என்ற வாதத்தை நாம் அடிக்கடி கேட்கின்றோம். முதலீட்டாளருக்கு ஆண்டுக்கணக்கில் வழங்கப்படும் வரி விடுமுறையும் இலவசமே. அது அவர்களைச் சோம்பேறிகளாக்கியதாக எவரும் வருந்தியதில்லை. கவனத்துக்குரியது இன்னொரு தடை. பசித்தவள் ஒருத்தி, பிள்ளையைக் கையிற் பிடித்துக்கொண்டு, கொடுப்பவரின் படம் ஒட்டிய பொதிக்காக வரிசையில் நிற்கின்றாள். இது தானம், இது தூண்டில், வாங்காதே என்று அவளிடம் கூற நமக்கு என்ன உரிமை? எந்த உரிமையும் இல்லை. அவள் வாங்கட்டும். அவள் மானங்கெட்டவள் என்று எண்ணுவது நடுத்தர வர்க்கத்தின் வசதி. ஒப்புரவு அழிந்த இடத்தில் அவள் முன் வேறு வழி வைக்கப்படவில்லை. வெட்கப்படவேண்டியவர் அவளை அவ்வாறு நிற்கவைத்தவரே.

வேறு வழி உண்டு என்பதை அண்மைக் காலமும் காட்டியது. 2022 ஏப்ரல் முதற் காலிமுகத்திடலில் மக்கள் கூடி அமைத்த போராட்டக் களத்தில் உணவுக் கூடமும் முதலுதவி நிலையமும் நூல்நிலையமும் காசின்றி இயங்கின. முன்பின் அறியாதோர் நூல்களைக் கொண்டுவந்து வைத்தனர். அறியாதோர் எடுத்துப் படித்தனர். அதே ஆண்டு மே 18 இல் அத்திடலிலே முள்ளிவாய்க்கால் கஞ்சி பகிரப்பட்டது. 2009 இல், போரின் இறுதி நாட்களில், முற்றுகைக்குள் அகப்பட்ட மக்களின் பசியாற்றிய உப்புக்கஞ்சியின் நினைவு அது. வடக்கிலும் கிழக்கிலும் ஒவ்வொரு மே மாதமும் தெருவோரத்தில் அது யாவர்க்கும் வழங்கப்படுகின்றது. 2024 இற் சம்பூரில் அதனை வழங்கியமைக்காக நால்வர் கைதுசெய்யப்பட்டனர். ஒரு சிரட்டைக் கஞ்சிக்கு அதிகாரம் அஞ்சியது எதனால்? கொடுப்பவரும் குடிப்பவரும் அங்கே ஒரே துயரின் பங்காளிகள். எவரும் எவருக்கும் கீழில்லை. அத்தகைய கூட்டத்தை ஆள்வது கடினம்.

ஆதலின் இலவசமாக ஒன்று வரும்போது நாம் மூன்று கேள்விகளைக் கேட்கலாம். இது யாருடைய உழைப்பால் ஆனது? வாங்குவோர் தலை குனியாமல் வாங்க முடிகின்றதா? இன்று வாங்குபவர் நாளை வழங்கும் பக்கத்தில் நிற்க இடமுண்டா? இம்மூன்றுக்கும் ஏற்ற விடை கிடைக்குமாயின், கூச்சமின்றிச் சென்று வாங்குவோம். அயலவரைக் கண்டால் அவரையும் அழைப்போம். விடை வேறாயின், அதனை மாற்றப் பாடுபடுவோம்.

ஆசிரியரும் மாணவருமாகிய நமக்கு இதிற் செய்யக்கூடிய வேலைகள் உள. ஊர் வாசிகசாலை மாலை வேலை முடிந்து வருவோருக்காக இரவு எட்டு மணிவரை திறந்திருக்கச் செய்யலாம். கருத்தரங்கையும் கச்சேரியையும் பற்றிய அறிவித்தலை அழைப்பிதழோடு நிறுத்தாது, சந்தையிலும் மீன்பிடித் துறையிலும் ஆடைத் தொழிற்சாலை வாயிலிலும் ஒட்டலாம். நூல் வெளியீட்டில் உறையில்லாதவர் படிப்பதற்கென நான்கு பிரதிகளை அவ்வூர் வாசிகசாலைக்கு ஒதுக்கலாம். பாடசாலையிற் சப்பாத்தோ கொப்பியோ வந்தாற் படப்பிடிப்பை மறுத்து, பெயர் கூவி அழைக்காமற் பிள்ளையின் கையிற் சேர்க்கலாம். இவை பெரும் புரட்சிகள் அல்ல. ஆயினும் ஊருணி தானாக நிறைந்து கிடப்பதில்லை; மொண்டு குடிப்பவர்களே கோடையில் இறங்கித் தூர்வாரவும் வேண்டும்.